பிணைக்கு ஒரு சொந்தம்

பிணம் யாருடையது என்று சசிதான் அடையாளம் காட்டினான்.

இரத்தினபுரிக்குப் பக்கத்தில் குருவிட்ட என்ற ஊர். மாணிக்கக்கல் தோண்டிவிட்டுக் கைவிட்ட குழி. தண்ணீரில் ஊறிய உடலில் முகம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. சுகந்தினியின் சேலை இருந்தது. அவள் தாலி இருந்தது.

சசி இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் சம்சாரம்ங்க."

புருஷனும் பொஞ்சாதியும் போட்ட சண்டையைத் தோட்டத் தொழிலாளர் லயமே கேட்டிருந்தது. அன்றே விலங்கு மாட்டினார்கள்.

பிறகு... ரிமாண்ட்.

மற்றவர்களுக்குச் சோற்றுப் பார்சல் வந்தது. சசிக்கு மழைச் சத்தம் வந்தது. ஆட்கள் பார்க்க வரும் நாளில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

ஒரு வருஷம் போனது. குற்றப்பத்திரம் வரவில்லை. சட்ட உதவிக்கென்று ஸுமைரா வந்தார். இளம் சட்டத்தரணி.

"கொலைக் கேஸுக்கு நீதவான் பிணை குடுக்க ஏலாது. மேல் நீதிமன்றத்துல கேக்கணும்."

"நான் கொன்னேனான்னு கேப்பாங்களா?"

"அது பொறகு. இப்ப பாக்குறது வேற. வெளிய வந்தா ஓடுவீங்களா, சாட்சிய மிரட்டுவீங்களா, ஊர் குழம்புமா... குத்தப்பத்திரம் இல்லாம இவ்வளவு நாள் உள்ள வெச்சது நமக்குச் சாதகம்."

"எங்க மேடம் ஓடுறது? நாங்க குடியிருந்த லயத்துக் காம்பராவையும் வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்."

"அத கோட்டுல செல்லிராதீங்க. நிரந்தர விலாசம் வேணும். பெல்மதுளையில நீங்க மூட்ட தூக்கின கடை மொதலாளி தாஸிம் நானா ரூம் தாராராம். பிணையும் நிக்கிறாராம். இன்னொரு ஆள் வேணும். நெருங்கின சொந்தம்."

"இருந்த ஒருத்தியத்தான் கொன்னுட்டேனே." சசி சிரித்தான்.

"பகிடியும் கோட்டுல வேணாம். பிணைக்கு சொந்தக்கார ஆள் வேணுமெண்டு தாஸிம் நானா வாட்ஸ்அப்புல போட்டீக்கிறார். தோட்டத்து ஆக்கள் வெளிநாட்டுலயும் ஈக்கிறாங்கதானே. யாராச்சும் வருவாங்க."

சசியின் சிரிப்பு நின்றது.

"வெளிநாட்டுக்குமா?... எடுத்துடச் சொல்லுங்க மேடம். எனக்குப் பிணை வேணாம்."

"பைத்தியமா உங்களுக்கு?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரத்தினபுரி மேல் நீதிமன்றம்.

அரச தரப்பு எழுந்தது. ஆள் தப்பி ஓடிவிடுவான் என்றது. குற்றப்பத்திரம் எங்கே என்று நீதிபதி கேட்டார். அரச தரப்பு காகிதங்களைப் புரட்டியது. புரட்டிக்கொண்டே இருந்தது.

"பிணை வழங்கலாம். இருவர் நிற்க வேண்டும். ஒருவர் நெருங்கிய உறவு. வந்திருக்கிறாரா?"

ஸுமைரா பின்வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார்.

யாரும் வந்திருக்கக் கூடாது... சசி கண்களை மூடிக்கொண்டான்.

"நான் இருக்கேங்க."

கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். கையில் பயணப் பை. விமான நிலையத்துச் சீட்டு அதில் இன்னும் தொங்கியது.

"யார் நீங்கள்?"

"இவரு பொஞ்சாதி. சுகந்தினி."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கி... நிறுத்திக்கொண்டார்.

"இவர் கொன்ன பொஞ்சாதியா?" என்று அவரே கேட்டார்.

"ஆமாங்க. பிணைக்கு வேற யாரும் இல்லன்னு வாட்ஸ்அப்புல போட்டிருந்தாங்க. அதான் வந்தேன்."

"ஏன் வந்த..." என்றான் சசி. கூண்டுக்கு வெளியே அது கேட்கவில்லை.

அரச தரப்பு மெல்லக் கேட்டது.

"அப்படியானால், குழியில் கிடந்தது யார்?"

சுகந்தினி சசியைப் பார்த்தாள். சசி தரையைப் பார்த்தான்.

அடுத்த காம்பராவில் இருந்த சின்னம்மா என்பவள், சுகந்தினியின் சித்தி மகள், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டதாகத்தான் லயம் நினைத்திருந்தது. குவைத்துக்குப் போனவளை யாரும் தேடுவதில்லை. இருவருக்கும் ஒரே சாயல். விசா ஒருத்திக்குத்தான் வந்தது, சின்னம்மாவுக்கு. அதில் பறந்தது சுகந்தினி.

இடது காலில் சுண்டுவிரல் இல்லாததும் சின்னம்மாவுக்குத்தான்.

"நான்தாங்க தள்ளிவிட்டேன். என் சேலையையும் தாலியையும் அவளுக்கு நான்தான் கட்டிவிட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் சுகந்தினி.

உயிரோடு நிற்பவளைக் கொன்றதாக யாரையும் உள்ளே வைக்க முடியாது. சசியை விட்டார்கள். அவன் வந்த சிறைச்சாலை பஸ்ஸிலேயே அவளை ஏற்றினார்கள்.

வாசல் படியில் மழை.

"உங்களுக்குத் தெரியும்," என்றார் ஸுமைரா.

"காலப் பாத்தப்பவே."

"பொய்யா அடையாளம் காட்டினதுக்கு உங்களுக்கும் கேஸ் வரும்."

"வரட்டும். அவளுக்குப் பிணை கேக்கணும் மேடம். நெருங்கின சொந்தம் நான் இருக்கேன்."

"கொலைக் கேஸ். மொத கேள்வியே ஓடுவாங்களாண்டுதான்."

சசி வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

"குவைத்துலேந்து சொந்தக் காசுல டிக்கட் போட்டு வந்து மாட்டினவ மேடம்... இவளா ஓடப்போறா?"