விரல் வைத்தால் குரல்!

"ஐயோ... கழுத்து கறுத்துப் போச்சே!"

அகிலாண்டத்தின் அலறல் ஆண்கள் வார்டின் இருபத்திரண்டு கட்டில்களையும் எழுப்பி உட்கார வைத்தது.

1972. மாசி மாதம். பிற்பகல் மூன்று மணி. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்... சொன்னால் வம்பு!

வார்டு வாசலில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்த டாக்டர் ஞானாம்பாள் ஓடி வந்தாள். வயது இருபத்து நாலு. ஹவுஸ் சர்ஜன். அவள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்.

பதினோராம் நம்பர் கட்டில்.

அதில் ரெத்தினம். அகிலாண்டத்தின் புருஷன். நன்னிலம் பக்கத்தில் ஒரு பண்ணையில் கூலியாள், சங்கத்துக்காரன். தை அறுவடைக்குப் பண்ணையார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். ரெத்தினம் வரப்பில் நின்று மறித்தான். மறுநாள் விடிகாலைப் பனியில், களத்துமேட்டில், யாரோ அவன் கழுத்தையே அறுவடை செய்துவிட்டார்கள்!

உயிர் தப்பியது. கழுத்துத் தோல் தப்பவில்லை. சீழ் பிடித்து ஓட்டை விழுந்தது. விழுங்கின எச்சில் கழுத்து வழியாக வெளியே வந்தது.

அந்த ஓட்டையை அடைக்கப் பெரிய டாக்டர் ஜெக்கரியா அவன் நெஞ்சுத் தோலையே எடுத்தார். தோள்பட்டையிலிருந்து நடுநெஞ்சு வரை ஒரு பட்டை. மூன்று பக்கம் அறுத்து, நாலாவது பக்கத்தை நடுநெஞ்சிலேயே விட்டுவிட்டு, நுனியை மேலே திருப்பிக் கழுத்தில் வைத்துத் தைத்தார். நடுநெஞ்சு ரத்தம்தான் அந்தத் தோலுக்குச் சோறு. மூன்று வாரத்தில் கழுத்திலேயே வேர் பிடித்துவிடும். அப்புறம் நெஞ்சுப் பக்கத்தை வெட்டி விடலாம்.

அதுவரை தலையைத் திருப்பக் கூடாது. ஆட்டக் கூடாது. தும்முவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும்!

இன்று பதின்மூன்றாம் நாள்.

"யாரு தலையத் திருப்பினது?"

"யாரும் தொடலம்மா! வாசப்பக்கம் பாத்துக்கிட்டே இருந்தாரு. படக்குனு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. பேயப் பாத்தாப்புல!"

தோல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஞானாம்பாள் ஊசியால் ஒரு குத்து குத்தினாள்.

கறுப்பு ரத்தம்!

பட்டை மடங்கிவிட்டது. ரத்தம் உள்ளே போகிறது, திரும்பி வர வழியில்லை. இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துத் தலையை நேராக்கினாள். பத்து நிமிஷம்... இருபது நிமிஷம்... நிறம் மாறவில்லை. இப்படியே விட்டால் தோல் காலைக்குள் அழுகிவிடும். நெஞ்சிலிருந்து இன்னொரு பட்டை எடுக்க அவன் உடம்பில் தெம்பு இல்லை.

ஜெக்கரியா திருச்சியில். ட்ரங்க் கால் போட்டாள். "லைன் கிடைக்கல மேடம்!"

அவள் அகிலாண்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"நடவுல அட்டை கடிச்சிருக்கா உனக்கு?"

"உசுரு போற நேரத்துல என்னம்மா கேள்வி இது? கடிக்காத நாளு எது?"

"கடிச்ச எடத்துல ரத்தம் நிக்குமா?"

"எங்க நிக்கும்? பொகையிலய வெச்சு அமுக்கினாலும் பொழுதுக்கும் ஒழுகும்."

"அதான் வேணும். நாலு அட்டை புடிச்சிட்டு வா. ஓடு!"

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு குளம். அகிலாண்டம் முழங்கால் தண்ணீரில் நின்றாள். கால்தான் தூண்டில்! அரை மணியில் மருந்து பாட்டிலோடு வந்தாள். உள்ளே நாலு அட்டை நெளிந்தன.

நர்ஸ் மூக்கைப் பொத்தினாள். "டாக்டர், இது ஆஸ்பத்திரியா, வயக்காடா?"

"ரெண்டு எடத்துலயும் போறது இவங்க ரத்தம்தான். பாட்டிலப் புடிங்க!"

அட்டைகள் தேங்கிய ரத்தத்தைக் குடித்தன. குடித்து உருண்டு விழுந்தன. கடிவாயில் ரத்தம் நிற்காமல் கசிந்தது. கறுப்பு... கருஞ்சிவப்பு... சிவப்பு!

சாயங்காலம் ஆறு மணிக்குத் தோல் பழைய நிறத்துக்கு வந்தது.

"எத்தன வருசமாக் குடிச்சுதுவோ..." அகிலாண்டம் கண்ணைத் துடைத்தாள். "இன்னிக்கித்தாம்மா குடிச்சதுக்கு வேல செஞ்சிருக்குதுவோ. பண்ணையாருக்கு அட்டை தேவல!"

வார்டே சிரித்தது. ஞானாம்பாள் சிரிக்கவில்லை. ரெத்தினத்தின் கண்ணைப் பார்க்காமல் கையைக் கழுவப் போனாள்.

எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அழுக்கு ஒன்று அந்தக் கையில் இருந்தது.

வராந்தா பெஞ்சில் அப்பா இன்னும் உட்கார்ந்திருந்தார். நாகநாதன். அதே பண்ணையில் இருபது வருஷக் காரியஸ்தர். மடியில் டிபன் கேரியர்.

"என்ன ஞானம், பொழச்சுக்குவானா?"

"தோல் பொழச்சிருச்சு."

"பேச்சு வந்துடுமா?"

"மெதுவாப் பேசுங்கப்பா."

"முதலாளி நேத்தும் கேட்டாரும்மா. அவன் வாயத் தொறந்தா அவரு பேரு வந்துடும்னு பயப்படுறாரு."

"செஞ்சவரு ஜெயிலுக்குப் போகட்டும். நமக்கு என்ன?"

"என்னவா? நாம இருக்கிற மனை அவரு மனை! சர்க்காரு சட்டம் போட்டுடுச்சு, குடியிருக்கிறவனுக்கே மனைன்னு. பட்டா வந்துச்சா? அவரு தடுத்தா வருமா? உன்னை டாக்டருக்குச் சேக்க சிபாரிசு கடுதாசி குடுத்தது யாரு?"

"பரீட்சை எழுதினது நானு. அவரு இல்ல."

"பாப்பா... அப்பாவுக்காக இந்த ஒரு தடவ வாய மூடிக்க."

"நீங்க மூடச் சொல்றது என் வாய இல்லப்பா... அவன் வாய!"

அப்பா கேரியரைத் திறந்தார். "கத்தரிக்கா சாம்பார். ஆறிப்போயிடும், சாப்பிடு" என்றார்.

கத்தரிக்காய் நிறம். அவள் கேரியரை மூடினாள்.

விஷயம் இதுதான். ரெத்தினத்தின் குரல் அறுபடவில்லை! அரிவாள் குரல்வளைக்கு மேலே போயிருந்தது. அவன் மூச்சு விடக் கழுத்தின் அடியில் ஒரு உலோகக் குழாய் பொருத்தியிருந்தார்கள். காற்று அதன் வழியாக ஓடிவிடுவதால் சத்தம் வரவில்லை. ஒரே ஒரு விரலால் அந்தக் குழாயை மூடினால் போதும். காற்று மேலே ஏறும். குரல் வரும்!

பத்தாம் நாளே ஜெக்கரியா கேட்டிருந்தார். "குழாய மூடிப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார். சத்தம் வரல."

பார்க்கவே இல்லை! அதற்கு முதல் நாள்தான், 'அவன் பேசினால் நம் மனை போய்விடும்' என்று ஊரிலிருந்து அப்பா எழுதிய கடிதம் வந்திருந்தது.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் இராஜாங்கம் வந்தார். தொப்பியைக் கட்டிலில் வைத்தார்.

"எழுதத் தெரியாது. பேச்சு வராது. தலையாட்டக் கூடாதுங்கிறீங்க. இவன் சாட்சியா, சாமியா டாக்டர்?"

"சாமின்னா இந்நேரம் உண்டியல் வெச்சிருப்பாங்க சார்."

இன்ஸ்பெக்டர் ரெத்தினத்தின் பக்கம் குனிந்தார். "இந்தா பாரு. வலங்கைமான் தங்கையன்... லாரியில வந்தவன். அவன் அருவாள்ல உன் ரத்தம். அவனா? ஆமான்னா கையத் தூக்கு."

ரெத்தினம் கண்ணை மூடிக்கொண்டான்.

"பண்ணையாரா?"

கண் திறக்கவில்லை.

"பயந்து கெடக்கான்." இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். "அந்தத் தங்கையன் பய லாக்கப்ல நான் இல்ல நான் இல்லன்னு மண்டைய முட்டிக்கிறான். எனக்கும் அவன்னு தோணல. ஆனா மேலேருந்து தெனம் போன். அடுத்ததுக்கு அடுத்த வெள்ளி வரைக்கும் பாப்பேன். இவன் பேசலேன்னா தங்கையன் மேல சார்ஜ் ஷீட்!"

இரண்டு வெள்ளிக்கிழமை. ஒரு விரல். ஒரு மனிதனின் ஆயுள்.

ஞானாம்பாள் தினமும் அந்தக் கட்டிலுக்குப் போனாள். குழாயைச் சுத்தம் செய்தாள். விரல் குழாய் வாயின் பக்கத்தில் போகும்... திரும்பி வந்துவிடும். அம்மா வாசல் தெளிக்கும் அந்த மனை கண்ணில் வரும். உடனே முகம் தெரியாத தங்கையன் வருவான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், அவளுக்கும் ஒரு வாசல் இருக்கும்.

'படிச்சவ!' தன்னையே திட்டிக்கொண்டாள். 'த்தூ!'

இருபத்தோராம் நாள். ஆப்பரேஷன் தியேட்டர்.

"நெஞ்சுப் பக்கத்த நீயே வெட்டு" என்று ஜெக்கரியா கத்தியை அவள் கையில் கொடுத்தார். "அட்டை விட்டுக் காப்பாத்தினவ நீதான். வெள்ளைக்காரன் புஸ்தகத்துல படிச்சத நீ குளத்துலேருந்து எடுத்துட்டே!"

கத்தி இறங்கியது. வெட்டிய ஓரத்தில் சிவப்பு ரத்தம் துளிர்த்தது. நெஞ்சின் தயவு இல்லாமல் கழுத்துத் தோல் உயிரோடு இருந்தது!

அந்த நொடியில்தான் அந்த நினைப்பு வந்தது.

கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால்... ஒரு சின்னத் தவறு... யாருக்குத் தெரியும்? அப்பா பிழைப்பார். மனை பிழைக்கும்...

கத்தியைத் தட்டில் வைத்தாள். நினைத்தது தான்தானா? ஊசியை வாங்கினாள். தைத்தாள். ஒவ்வொரு தையலும் பாவமன்னிப்பு மாதிரி. சின்னதாக, நெருக்கமாக, சுருக்கமே இல்லாமல்.

ஜெக்கரியா எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பட்டுப்பொடவைக்கு ஓரம் அடிக்கிறியா? பதினாறு போதும்கிற எடத்துல இருபத்தாறு போட்டிருக்கே!"

அடுத்த வெள்ளிக்கிழமை. இன்ஸ்பெக்டர் சொன்ன கடைசி நாள்.

காலை பதினோரு மணி. ஞானாம்பாள் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அகிலாண்டம். இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர், வாசலில் ஒரு கான்ஸ்டபிள்.

"இன்னிக்கும் இல்லையா டாக்டர்?"

"ஒரு நிமிஷம் சார்."

இருபத்து மூணு... இருபத்து நாலு... கத்தரி 'க்ளிக்'கென்றது. இருபத்து அஞ்சு...

"சரி. நான் கிளம்புறேன். தங்கையன் விதி அவ்வளவுதான்!"

இருபத்து ஆறு. கடைசி நூலைத் தட்டில் போட்டாள்.

"சார், நில்லுங்க! இவரால பேச முடியும்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "என்னது?"

"பதினெட்டு நாளா முடியும். முடியாதுன்னு நான்தான் பொய் சொன்னேன். எங்கப்பா அந்தப் பண்ணைக்குக் காரியஸ்தர். பண்ணையார் பேரு வெளிய வந்தா எங்களுக்கு மனை போயிடும். அதுக்காக... என் பேரையும் எழுதிக்குங்க சார். வேலை போனாலும் போகட்டும். எனக்குச் சோறு எறங்கல!"

அவள் விரலைக் குழாயை நோக்கி நீட்டினாள்.

ரெத்தினத்தின் கை அதைத் தடுத்தது!

அவனுடைய ஆள்காட்டி விரல் தானாக மேலே போனது. தடவவில்லை. தேடவில்லை. சரியாகக் குழாய் வாயில் உட்கார்ந்தது. பழகின விரல்!

"நீங்க வேணாம் டாக்டரம்மா... நானே வெச்சுக்கிறேன்."

குரல் கரகரத்தது. ஆனால் தெளிவு!

ஞானாம்பாள் நீட்டிய விரலை இழுத்துக்கொண்டாள். "உங்களுக்கு... எப்படி..."

"இருமினப்ப கைய வெச்சேன். சத்தம் வந்துச்சு. இவகிட்ட ரெண்டு வாரமாப் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அகிலாண்டம் தரையைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"யார்றா அறுத்தது? பண்ணையாரா?"

"அவருக்கு அருவா புடிக்கத் தெரியாதுங்க."

"தங்கையன்?"

"பாவம், தூங்கிக்கிட்டு இருந்தான். அவன் அருவாள எடுத்துத்தான் அறுத்தாங்க."

"அப்ப யாருய்யா?"

ரெத்தினம் ஞானாம்பாளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"காரியஸ்தரு. நாகநாதன். பண்ணையாரு ஊர்லயே இல்லீங்க. வெளியூர் ஆள எறக்கினதுல எம்புட்டுப் பணம் அடிச்சாருன்னு நான் கூட்டத்துல கேட்டுட்டேன். அதுக்குத்தான்."

கத்தரி அவள் கையிலிருந்து விழவில்லை. இறுகியது.

முதலாளி கேட்டாரு... முதலாளி பயப்படுறாரு... முதலாளி எதையுமே கேட்கவில்லை! கேட்டது, பயந்தது, கடிதம் எழுதியது எல்லாம் ஒரே ஆள்.

"எங்கய்யா இருக்கான் அந்தாளு?" இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

ரெத்தினத்தைக் கேட்டதற்கு ஞானாம்பாள் பதில் சொன்னாள்.

"வராந்தா பெஞ்சுல சார். எனக்குச் சாப்பாடு கொண்டாந்திருக்காரு." செருமினாள். "அவசரப்பட வேணாம். ஓடமாட்டாரு. நான் சாப்பிட வர்ற வரைக்கும் அங்கேயேதான் உக்காந்திருப்பாரு."

இன்ஸ்பெக்டர் கண் காட்டினார். கான்ஸ்டபிள் வராந்தாவுக்கு நடந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இன்ஸ்பெக்டரின் கோபம் கட்டில் மேல் பாய்ந்தது.

"ஒரு அப்பாவி உள்ள கெடக்கான்! ரெண்டு வாரமா ஏன்யா மூடிக்கிட்டுக் கெடந்தே?"

"தப்புதாங்க. தங்கையன நெனச்சா எனக்கும் கண்ணு ஒட்டல. சத்தம் வந்த அன்னிக்கே உங்ககிட்ட சொல்லிப்புடணும்னுதான் வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீங்க வரல... காரியஸ்தரு வர்றாரு! ஞானம்ங்கிறாரு. இவங்க அப்பாங்கிறாங்க. அறுத்தவரு மக கையில கத்தி, அதுக்குக் கீழ என் கழுத்து... நான் எப்படி சார் வாயத் தொறப்பேன்?"

"இன்னிக்கு மட்டும் எங்கேருந்துய்யா தைரியம் வந்துச்சு?"

ரெத்தினம் தட்டில் கிடந்த நூல்களை ஒரு தடவை பார்த்தான். விரலை நன்றாக அழுத்திக்கொண்டான்.

"கடைசித் தையலும் எடுத்துட்டாங்கள்ல சார்!"