சவுரியப்பன் சாரின் செருப்புச் சத்தம்

ஆண்டு விழாவுக்கு இன்னும் மூன்றே நாள். மூன்றாம் வகுப்புக் கோலாட்டமோ எட்டுச் சுற்றில் மூன்றாவதைத் தாண்டவில்லை. அதற்குள் குல்ஷனின் கட்டைவிரல் பாலக்கோட்டு மண்டித் தக்காளி மாதிரி சிவந்துவிட்டது.

அடித்தவன் அவளுடைய சோடி மாது. அவன் கோல் அவள் கோலை விட்டுவிட்டு விரலைத்தான் தேடி வந்தது.

சவுரியப்பன் சார் மேசையில் தட்டிக்கொண்டிருந்த ஸ்கேலை நிறுத்தினார்.

"டேய் மாது! தாளம்னா என்னன்னே உனக்குத் தெரியலடா. சாயந்தரமும் இப்படின்னா வேற பையனைப் போட்டுடுவேன்."

மாதுவின் முகம் சுருங்கியது. சுருங்காதா பின்னே? அவன் அம்மா முனியம்மாள் சந்தை பஸ்ஸில் கண்டக்டர் வரைக்கும், "எம் பையன் மேடையில ஆடப்போறானுங்க" என்று சொல்லி முடித்தாயிற்று!

மதியம் குல்ஷன் விரலை ஊதிக்கொண்டே, "வாடா, நாம மட்டும் அடிச்சுப் பாக்கலாம்" என்றாள்.

"மறுபடியும் பட்டுட்டா?"

"பட்டா உனக்கும் ஒண்ணு போடுவேன். வா!"

அப்போது சார் சாப்பிட்ட தெம்பில் வராந்தாவில் உலாவினார். ஆணி அடித்த செருப்பு. டக்... டக்... டக்... அந்தச் சத்தத்தோடு இருவர் கோலும் சேர்ந்துகொண்டன. ஐந்து சுற்று. விரலில் ஓர் அடி கூட விழவில்லை!

சாயங்காலப் பயிற்சியில் குல்ஷன் காதைத் தீட்டிக்கொண்டாள். இரண்டு சுற்று ஒழுங்கு. மூன்றாவதில் சாருக்குச் சந்தோஷம் வந்தது. சந்தோஷம் வந்ததும் ஸ்கேல் ஓட்டம் பிடித்தது. விருந்தில் அவர் சாப்பிடும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எல்லாரும் ஸ்கேல் பின்னாலேயே ஓடினார்கள், குல்ஷனும்தான். மாது மட்டும் பழைய நடையிலேயே அடித்தான்.

டொக்! "ஆ!"

அட, சரியாக அடித்தவனே மாதுதான்! ஆனால் சாரிடம், 'உங்க ஸ்கேல்தான் தப்பு' என்று யார் சொல்வது? ஹெட்மாஸ்டருக்கே அந்தத் தைரியம் கிடையாது.

"சார்..." என்று இழுத்தாள் குல்ஷன்.

"என்ன, மாதுவை மாத்தணுமா?"

"இல்லைங்க சார். மத்தியானம் உங்க செருப்புச் சத்தத்துக்கு அடிச்சோம். எங்களுக்குத் தாளம் தப்பவே இல்லீங்க. தட்டுறதுக்குப் பதிலா நீங்க நடங்களேன் சார்."

"என் நடைக்கா?" சார் குனிந்து செருப்பைப் பார்க்க முயன்றார். தொந்தி மறைத்தது. சரி என்று நடந்தார்.

டக்... டக்... சந்தோஷம் வந்தது. ஆனால் அந்த உடம்பு ஓட வேண்டுமே! கால் அதே நிதானத்தில்தான் விழுந்தது. எட்டுச் சுற்றும் முடிந்தன. யாரும் 'ஆ' என்று கத்தவில்லை.

"மாது, நீயே ஆடுடா!"

மாது விட்ட மூச்சில் கரும்பலகையே சுத்தமாகியிருக்கும்.

விழா அன்று பிள்ளைகள் ஆட, சார் மேடை ஓரமாக நடந்துகொண்டே இருந்தார். முனியம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "எம் பையன் ஜோரா ஆடுனான். அந்த வாத்தியாருக்குத்தான் ஒரு எடத்துல நிக்கத் தெரியல" என்றாள்.

மேடையை விட்டு இறங்கிய குல்ஷன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பத்து விரலும் பத்திரம்.