எண் களத்தில் முட்டை அட்டை

பதினோரு மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வருகிறார். இப்போது மணி ஒன்பதரை. அதற்குள் ஐந்தாம் வகுப்பு கௌசிக்கின் சட்டை இரண்டு முறை வியர்வையில் நனைந்துவிட்டது.

நாமக்கல் பக்கத்திலிருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில், வகுப்பறையின் நான்கு மூலைகளிலும் பிள்ளைகள் செய்து பழக நான்கு களங்கள் அமைத்திருந்தார்கள். கதைக் களம், பாடல் களம், படைப்புக் களம், எண் களம்.

எண் களம் கௌசிக்கின் பொறுப்பு. தென்னை ஈர்க்குகளை ஒடித்து, வண்ணம் பூசி, பத்துப் பத்தாகக் கட்டி, அலமாரி முன்னால் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தான். மூன்று நாள் வேலை. யாராவது அதைத் தொட்டால் அவனுக்கு நெஞ்சு பதறும். தொடாமல் எப்படி எண்ணுவது என்று கேட்டால் கோபம் வேறு வரும்.

ஒவ்வொரு களத்திலும் ஒரு குழந்தை அலுவலருக்குச் செய்து காட்ட வேண்டும். அர்த்தநாரி சார் சீட்டுக் குலுக்கிப் போட்டார். எண் களத்துக்கு வந்த பெயர் இரண்டாம் வகுப்பு கோகிலவாணி.

கௌசிக் கரும்பலகையைப் பார்த்தான். இன்றைய வருகை நாற்பத்தேழு என்று எழுதியிருந்தது.

"கோகிலா, நாப்பத்தேழு எடு பாக்கலாம்."

அவள் பாயில் தனியாக வைத்திருந்த ஈர்க்குகளில் ஏழு கட்டும் நாலு குச்சியும் எடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியலீங்ண்ணா. வயிறு வலிக்குது. நான் ஊட்டுக்குப் போறேன்."

"நாலு கட்டு, ஏழு குச்சி. அவ்வளவுதான்."

இதையே மூன்று முறை சொன்னான். மூன்றாவது முறை குரல் உயர்ந்துவிட்டது. கோகிலவாணியின் கண்ணில் நீர் முட்டியது. கௌசிக்குக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எல்லோர் முன்னாலும் இவள் இப்படியே அழுதுகொண்டு நின்றால் என்ன செய்வது?

அப்போது சத்துணவு சமைக்கும் கந்தம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"சார், இன்னைக்கு எத்தனை முட்டைங்க வேகப்போடோணும்?"

"நாற்பத்தேழும்மா."

"ஒரு அட்டை, மூணு வரிசை, ரெண்டுங்கக்கா," என்றாள் கோகிலவாணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பட்டுனு சொல்லிப்போட்டியே சாமி," என்று சிரித்துக்கொண்டே கந்தம்மாள் போனார்.

கௌசிக் வாயைப் பிளந்தான். முட்டை அட்டையில் வரிசைக்கு ஐந்து குழியாக ஆறு வரிசை, மொத்தம் முப்பது. கோகிலவாணியின் அம்மாவும் அப்பாவும் கோழிப்பண்ணையில் முட்டை எடுத்து அடுக்குகிறவர்கள். அவளுக்கு எண்ணிக்கை என்றாலே அட்டைதான்.

அவன் சமையலறைக்கு ஓடி மூன்று வெற்று அட்டைகள் வாங்கி வந்தான். ஆனால் தோரணத்தை எடுத்தால்தான் அலமாரியில் அட்டையை வைக்க முடியும். சற்று நேரம் நின்றான். மூன்று நாள் வேலை அல்லவா? பிறகு தோரணத்தை அவிழ்த்துச் சுருட்டிவைத்துவிட்டு, இரண்டு அட்டைகளில் குழிக்கு ஒன்றாக எண் களத்துப் புளியங்கொட்டைகளை நிரப்பினான். மூன்றாவது அட்டையைக் காலியாக விட்டு, மீதிக் கொட்டைகளைப் பாயில் குவித்துவைத்தான்.

அலுவலர் அம்மா வந்தார். நேராக எண் களத்துக்கு வந்து பாயருகே குனிந்தார்.

"அறுபத்தெட்டு வை பார்ப்போம், பாப்பா."

கோகிலவாணி கௌசிக்கைப் பார்த்தாள், பிறகு அலமாரியைப் பார்த்தாள். அவள் மெல்ல இரண்டு முழு அட்டைகளை எடுத்துப் பாயில் வைத்தாள். காலி அட்டையில் ஒரு வரிசையை நிரப்பினாள். அடுத்த வரிசையில் மூன்று கொட்டைகளை வைத்தாள்.

அலுவலர் எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது.

"இந்தக் களம் யார் பொறுப்பு?"

"நான்தாங்க," என்றான் கௌசிக், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படியா? மூணு அட்டை, ரெண்டு வரிசை. எவ்வளவு, சொல்லு."

அவன் தலைக்குள் இன்னும் ஈர்க்குக் கட்டுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று கட்டு, இரண்டு குச்சி.

"முப்பத்திரண்டுங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கௌசிக்கின் காது சூடாகிவிட்டது. கோகிலவாணி மட்டும் சிரிக்கவில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"நூறு வருமுங்ண்ணா. உக்காருங்க, ரெண்டு பேரும் சேந்து எண்ணிப் பாக்கலாம்."

கௌசிக் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.