அவளுக்கு முந்தைய தேதி

சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிய பிறகும் கணினியின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தூசி அடைத்த மூக்கால் யாரோ தூக்கத்தில் மூச்சு இழுப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம், மழைக்காக மூடிவைத்த அந்தச் சின்ன அறையின் ஈர வாடையோடு கலந்து வந்தது. அவள் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தாள். காற்று வெதுவெதுப்பாக இருந்தது. மிச்ச வேகத்தில் சுற்றுகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது நிற்கும்வரை காத்திருந்து, மறுபடி ஒயரைச் செருகினாள்.

"ஆபீஸ்ல ஊர் கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பாக்குற, வீட்டு நோயாளிய ஒரு வாரமா படுக்கப் போட்டிருக்க" என்றான் கணவன் கூடத்திலிருந்து.

"டாக்டர் வீட்டுக்கே வந்தா ஃபீஸ் ரெட்டிப்பு. தெரியுமில்ல?"

அவன் சிரித்தான். ஆனால் எழுந்து வந்து பார்க்கவில்லை. அது அவனுடைய முதல் மனைவியின் கணினி. அவள் இறந்த பிறகு அவன் அதன் முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

மகள்தான் வந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சித்தி... இல்ல, அம்மா." போன மாதம்தான் குழந்தை அந்த வார்த்தைக்கு மாறியிருந்தாள். "அந்த அம்மாவோட பாட்டு அழிஞ்சிடுமா?"

"ஒண்ணுகூட அழியாது, குட்டி. நான் பாத்துக்கறேன்."

முதலில் நகல், பிறகு மருந்து. அலுவலகத்தில் எல்லோரிடமும் அவள் ஓதும் மந்திரம் அது. பாட்டு, படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வைத்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த எல்லாப் பழுதுபார்ப்பையும் செய்து பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை. கடைசி வழி, கணினியை, முன்பு சேமித்துவைத்த ஒரு தேதியின் நிலைக்குத் திருப்புவது. ஒரே ஒரு தேதிதான் மிஞ்சியிருந்தது. அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தையது. முதல் மனைவியே சேமித்து, பெயரும் வைத்திருந்தாள்: 'எல்லாம் சரியாக இருக்கும் நாள்.'

கீழே வழக்கமான எச்சரிக்கை. உங்கள் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது. இந்தத் தேதிக்குப் பிறகு சேர்க்கப்பட்டவை நீக்கப்படும்.

அவள் சம்மதம் கொடுத்தாள்.

திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுழல ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் ஈரத் தலைமுடியின் வாசனை வந்தது. அவள் வாங்காத ஷாம்பு. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவள் கைப்பையைக் காணோம். எங்கே வைத்தோம் என்று யோசித்தபடி திரும்பியவள், எதிர்ச் சுவரைப் பார்த்தாள். கல்யாணப் படம் இல்லை. ஆணியும் இல்லை. ஆணி அடித்த துளைகூட இல்லை.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம். யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். கூடத்தில் அவன் ஏதோ சொல்கிறான். அவளிடம் ஒருநாளும் பேசாத இளகிய குரலில்.

ஒயர். ஒயரைப் பிடுங்க வேண்டும்.

கை அதன்மேல் போய்விட்டது. பாதியில் நிறுத்தினால் கோப்புகள் அத்தனையும் போய்விடலாம். எத்தனை பேரை எச்சரித்திருக்கிறாள். போனால் போகட்டும், நகல்தான் இருக்கிறதே. மேசையைப் பார்த்தாள். டிஸ்க் இருந்த இடத்தில் தூசி படிந்திருந்தது. அதுவும் அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதுதான்.

குழந்தை கேட்ட அந்தப் பாட்டு இப்போது இந்தக் கணினிக்குள் மட்டும்தான்.

தயங்கினாள். ஒரே ஒரு கணம். அது போதுமானதாக இருந்தது. விரல்கள் ஒயரை இறுக்கின. ஒயர் அசையவில்லை. அதன்மேல் விரல்கள் இருந்ததாகவே தெரியவில்லை.

"அம்மா!"

குழந்தை நாற்காலிப் பக்கத்திலிருந்து கூடத்தின் குறுக்கே ஓடினாள். இவளைக் கடந்து. இவளுக்குள் நுழைந்து.

சமையலறை வாசலில் முதல் மனைவி நின்றாள். எல்லாப் படங்களிலும் சிரித்த அதே சிரிப்பு, கொஞ்சமும் கூடாமல் குறையாமல். கன்னத்து மச்சம், கழுத்துச் சங்கிலி, வெளிச்சம் பட்ட முன்நெற்றி. ஒன்றும் அழியவில்லை. குழந்தையைத் தூக்க அவள் குனிந்தாள்.

அவளைப் பின்னாலிருந்து யாரும் படம் எடுத்ததில்லை.

காதுகளோடு தலை முடிந்துபோயிருந்தது. தோள்களுக்குப் பின்னால் முதுகு இல்லை. அந்தப் பக்கம் முழுக்க, மூடாத அலமாரிபோல, இருட்டு. குட்டி, வா, வந்துடு என்று இவள் கத்தினாள், இல்லாத வாயால். கணவன் அழுதுகொண்டே மனைவியையும் மகளையும் சேர்த்து அணைத்தான். அவன் கை முழங்கைவரை அந்த இருட்டுக்குள் போனது. உள்ளே எதுவோ அதைப் பற்றிக்கொண்டது. அவன் இன்னும் நெருங்கி நின்றான். குழந்தை கால்களை ஆட்டிக்கொண்டு, அந்த அசையாத சிரிப்பில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.