மணல் திட்டில் நின்ற படகு

ரெமிஜியஸும் சிலுவையும் போன படகு கரை திரும்பாமல் ஐந்து நாளாகிவிட்டது. தெற்கே தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்து, இனித் தேடிப் பயனில்லை என்றார்கள். ரெமிஜியஸின் அக்கா பெனிட்டா அதை ஏற்கவில்லை. விடிந்ததும் தம்பியின் கூட்டாளி கஸ்பாரின் வாசலில் போய் நின்றாள்.

"இஞ்சின் நின்னுருந்தா நீரோட்டம் அவன வடகிழக்கதான் இழுத்திருக்கும். அங்கன ஒரு மணல் திட்டு இருக்கு. படக எடு."

கஸ்பார் உடனே கிளம்பினான். நண்பர்கள் இருவரிடமும் ஒரே மாதிரிப் படகுகள். மூடப்பட்ட கடற்கரை விடுதி ஒன்றில் வாங்கியவை. இஞ்சின் படகுக்குள் இருக்கும். அதன் கால் மட்டும் பின்புறம் கடலில் இறங்கி விசிறியைச் சுழற்றும். ஸ்டெர்ன் டிரைவ் என்பார்கள். அதைப் பழுது பார்க்க ஊரில் ஆளில்லை. இருவரும் தாங்களே கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணி நேரம் ஓடியபின் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. கஸ்பார் இஞ்சினை அணைத்தான்.

"கடல் தண்ணி ஏறல. இம்பெல்லர் போயிட்டு."

அலையில் படகு ஆடியது. பம்பு மூடியின் ஆறு ஸ்குருக்களையும் கழற்றிப் பெனிட்டாவின் கையில் கொடுத்தான். "ஒண்ணு விழுந்தாலும் நாம இங்கனதான், அக்கா."

உள்ளே, இஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் கையளவு ரப்பர் சக்கரம் இதழ் உதிர்ந்து கிடந்தது. குழாய்க்குள் சிக்கிய துண்டுகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுத்தான். பிறகு ஒரு டப்பாவிலிருந்து புதியதை எடுத்து, சோப்பு தடவி, இதழ்களை மடக்கி உள்ளே தள்ளினான்.

டப்பாவின் மேல் தம்பியின் கையெழுத்தைப் பெனிட்டா பார்த்துவிட்டாள்.

"இது அவன் டப்பால்லா. அவனே தந்தானா?"

கஸ்பார் குனிந்து மூடியை முடுக்கிக்கொண்டிருந்தான். அடுத்த ஸ்குருவுக்குக் கை நீட்டினான்.

நண்பகலில் திட்டு தெரிந்தது. ஒருபக்கம் சாய்ந்த படகின் நிழலில் ரெமிஜியஸ் உதடு வெடித்துக் கிடந்தான். உயிர் இருந்தது. பெனிட்டா துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். படகில் பம்பு திறந்து கிடந்தது. பக்கத்தில், செருப்பு ரப்பரில் வெட்டிய கோணல் சக்கரம் ஒன்று.

அவனோடு போன சிலுவையைக் காணவில்லை.

"நேத்து காலைல கிழக்க ஒரு கப்பல் போச்சு. தண்ணி தீந்துட்டு. வேண்டாம்னு சொன்னேன், நீந்திப் போயிட்டாரு." ரெமிஜியஸ் மூச்சு வாங்கினான். "பெட்டில எப்பவும் இம்பெல்லர் வச்சிருப்பேன், அக்கா. தொறந்தா டப்பாவக் காணல. இருந்திருந்தா அரைமணி வேல."

கஸ்பார் மணலில் உட்கார்ந்தான்.

"நாந்தான் எடுத்தேன். நீ கெளம்புனதுக்கு மொத நாளு. என்னோடது தேஞ்சிருந்துச்சு, கையிருப்புக்கு இருக்கட்டும்னு எடுத்தேன். சொல்ல மறந்துட்டேன்."

ரெமிஜியஸ் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். "நாந்தான் எங்கயோ வச்சுத் தொலச்சிட்டேன்னு, சிலுவையண்ணன் முன்னாடி என்னையே ஏசிக்கிட்டு இருந்தேன்" என்றான்.

டீசல் பாதியாகும்வரை கிழக்கே தேடினார்கள். கடலில் யாருமில்லை.

மாலையில் துறைக்குள் நுழைந்தபோது ஊரே கூடியிருந்தது. வெடி போட்டார்கள். யாரோ கஸ்பாரின் தோளில் துண்டு போர்த்தினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிலுவையின் மனைவி மார்த்தாள் வந்து, படகில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கஸ்பார் துண்டை எடுத்துக் கீழே வைத்தான். அத்தனை பேர் முன்னிலையிலும் நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னான்.

மார்த்தாள் அழவில்லை. "டீசல் போடு. நானும் வாரேன்" என்றாள்.

இருவரும் நான்கு நாள் தேடிப் போனார்கள். அவள் முன்னால் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் மதியம் அவளே படகைத் திருப்பச் சொன்னாள்.

"இனிமே அடுத்தவன் பெட்டில கை வச்சா, சொல்லிட்டு எடு."

கஸ்பார் தலையாட்டிவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்பினான்.