வெளிச்சவீட்டு உச்சியில் சூரியன்

“ஐயோ...!”

வலை வீச வந்தவனின் அலறலில் கண்டல் மரத்துக் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

வாவிக்கரைச் சேற்றில் முகம் புதைந்து கிடந்தான் முனாஸ். மட்டக்களப்பில் உருப்படியாகப் படம் எடுக்கத் தெரிந்த சிலரில் ஒருவன். பின்மண்டை பிளந்திருந்தது. அவனுடைய கெமரா ஸ்டாண்ட் பக்கத்திலேயே கிடந்தது, இரத்தத்தோடு!

கெமரா இருந்தது. உள்ளே இருந்த மெமரி கார்ட்...?

காணவில்லை!

கைரேகை இல்லை. பார்த்தவர் இல்லை. இன்ஸ்பெக்டர் நிதுர்ஷன் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் பேஸ்புக்கில் அந்தப் படம் வந்தது.

விடிகாலை வாவி. ஓரமாக ஒரு தோணி. தூரத்தில், கப்பல்களுக்கு வழிகாட்டும் பாலமீன்மடு வெளிச்சவீடு. அதன் உச்சியில், வைத்தாற்போல் சூரியன்!

போட்டவன் காத்தான்குடி றிப்ஷான்.

யார் இந்த றிப்ஷான்? கட்டாரிலிருந்து விலையுயர்ந்த கெமராவோடு வந்து இறங்கிய மகா கலைஞர்! அவர் எடுத்த கடலெல்லாம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். சூரியன் எப்போதும் நட்டநடுவில். மனைவியைக் கடற்கரையில் நிறுத்தி எடுத்தால், பாவம், அவள் தலையில் தென்னைமரம் முளைத்திருக்கும்.

இதையெல்லாம் ஊர்ப் புகைப்படச் சங்கக் கூட்டத்தில் திரையில் போட்டு, எல்லார் முன்னாலும் சிரித்தவன் முனாஸ்.

நிதுர்ஷன் நேரே றிப்ஷானின் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி சஹ்லா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

“படம் அருமை, றிப்ஷான். எப்பிடி எடுத்தீங்க?”

ஆள் பூரித்துப்போனான்.

“அது ஒரு கலை சேர்! எல்லாருக்கும் ஏலா.”

“தோணிய ஏன் நடுவில வைக்கல்ல?”

“நடுவிலதான் சேர் வெச்சன்... தோணிக்காரன் வலிச்சிட்டுப் போயிட்டான்.”

“மேலால ஒரு மரக்கொப்பு வளைஞ்சு, படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி நிக்குதே?”

“அதா...? அத வெட்டத்தான் பாத்தன். கத்தி கொண்டு போகல்ல.”

சிரிப்பை விழுங்க இன்ஸ்பெக்டருக்குப் பிளேன்டீ தேவைப்பட்டது.

“எப்ப எடுத்தீங்க?”

“போன மாசம் சேர். சுபஹு தொழுதிட்டு நேரா போனன். சூரியன் வந்திச்சு... கிளிக்! முடிஞ்சு.”

“போன மாசம்...?”

“ஓம்.”

நிதுர்ஷன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“சூரியன் எல்லா நாளும் ஒரே இடத்திலயா எழும்புது?”

“இல்லாம? கிழக்கிலதானே சேர்!”

அட மேதாவியே!

“போன மாசம் அந்தக் கரையில நிண்டு பாத்தா, சூரியன் வெளிச்சவீட்டுக்கு இடப்பக்கம் நல்லாத் தள்ளி எழும்பும். பிறகு நாளுக்கு நாள் வலப்பக்கம் நகரும். முனாஸ் டயறியில கணக்கெழுதி வெச்சு, மாசக்கணக்கா காத்துக் கிடந்தவன். உச்சியில வந்த நாள் எது தெரியுமா...? அவன் செத்த நாள்! அடுத்த நாளிலயிருந்து மழை. சூரியனையே காணல்ல!”

சஹ்லாவின் கையிலிருந்த தட்டு விழுந்தது.

றிப்ஷான் அவசரமாகக் குனிந்து அதை எடுத்தான்.

நிதுர்ஷன் சாவகாசமாக எழுந்தார்.

“ஆனா, இத நீங்கதான் எடுத்த எண்டு நான் நம்பல்ல. உங்களுக்கு இந்த மாதிரிப் படம் வராது. எங்கயோ இருந்து களவா எடுத்துப் போட்டிருக்கிறீங்க. அப்பிடியே எழுதித் தாங்க... நான் போறன்.”

“சொல்லுங்க மச்சான்!” சஹ்லா கதறினாள். “அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க! நான் எடுக்கல்ல எண்டு சொன்னா முடிஞ்சிதானே!”

அவன் வாயைத் திறந்தான்.

மேசையில் கிடந்த போன் மின்னியது. ஆயிரத்தைத் தாண்டிய லைக்குகளுக்குக் கீழே புதிதாக ஊர்த் தம்பி ஒருவனின் கேள்வி: ‘றிப்ஷான் காக்கா, உண்மையா நீங்களா எடுத்த?’

அவன் முகம் கறுத்தது.

“நான்தான் எடுத்தன்!”

“மச்சான்...!”

“நீ சும்மா இரி! அவனுக்கு மட்டும்தான் ஏலுமா? எனக்கு ஏலாதா?”

“நம்பமாட்டன்,” என்றார் நிதுர்ஷன். “ஒரிஜினல் இருந்தாக் காட்டுங்க, பாப்பம்.”

றிப்ஷான் உள்ளே ஓடினான். அலுமாரி திறக்கும் சத்தம். திரும்பி வந்து, ஒரு மெமரி கார்டை மேசையில் அறைந்தான்.

“இந்தா இரிக்கு ஒரிஜினல்! பாருங்க சேர்!”

நிதுர்ஷன் அதைப் புரட்டினார். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு பெயர்.

முனாஸ்!

கொலையை மறைக்கத் தெரிந்தவனுக்கு, எடுக்காத படத்தை எடுக்கவில்லை என்று சொல்ல மட்டும் மனம் வரவில்லை. இப்படியும் ஒரு ஜென்மம்!

விலங்கு மாட்டும்போதுகூட அவன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சேர்... பேப்பரில போட்டோ வருமா?”

“வரும். இப்ப ஸ்டேஷனில எடுப்பம். முன்னுக்கு ஒண்டு, பக்கவாட்டில ஒண்டு. பயப்படாதீங்க றிப்ஷான்... எங்கட ஆளுக்கு எடுக்கத் தெரியும்!”