ஜன்னல் வெயிலில் ஒரு பை

"ஐயோ... டாக்டர்!"

சிஸ்டரின் அலறல் மாடி முழுக்கக் கேட்டது.

ஓடி வந்த டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஸ்டீல் குடுவையின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே கல்லாக உறைந்திருக்க வேண்டிய பை, ஜன்னல் வெயிலில் கொழகொழவென்று படுத்திருந்தது.

ரத்தம் இல்லை. கத்தி இல்லை. ஆனாலும் கொலை! செத்தது கோடிக்கணக்கான செல்கள் என்றுதான் பார்க்கிற யாருக்கும் தோன்றும். அத்தனையும் கடைசி அறையில் இருந்த இன்ஸ்பெக்டரம்மாவுடையவை.

அவருக்கு ரத்தப் புற்றுநோய். அவர் ரத்தத்திலிருந்தே நோயை எதிர்க்கும் செல்களைப் பிரித்து, புற்றுநோயை அடையாளம் கண்டு அடிக்க லேபில் பழக்கி, உறைய வைத்து அனுப்பியிருந்தார்கள். தன் கையே தனக்கு உதவி என்பார்களே, அந்தக் கதைதான். உருகினால் உடனே உடம்பில் ஏற்ற வேண்டும். வெயிலில் கிடந்தால் வீண். இன்னொரு பை தயாரிக்க அந்த உடம்பில் தெம்பும் இல்லை... நாளும் இல்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் ரவுடிகளை நடுங்க வைத்தவர்!

இந்தப் பக்கம் கணவர். மாடி முழுக்க 'தங்கமான மனுஷன்' என்று பெயர் வாங்கியவர். ஒன்றரை வருஷமாக ஆஸ்பத்திரியே கதி.

டாக்டர் தலையைக் குனிந்தபடி விஷயத்தைச் சொன்னார். யாரோ வெளியே எடுத்து வைத்துவிட்டு மறந்திருக்கலாம் என்றார். கணவர் இடிந்துபோய் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியைத் திட்டினார். கடவுளைத் திட்டினார். பிறகு இன்டர்காமை எடுத்தார்... இடது கையால்.

"தைரியமா இரும்மா. நான் இருக்கேன்ல?"

"வலது கை என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. காலையில சட்டைக்கு இஸ்திரி போட்டேன்... சுட்டுடுச்சு."

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து கண்ணாடிக்கு அருகே வந்தார். ட்ரிப்ஸ் ஸ்டாண்டும் கூடவே உருண்டு வந்தது.

"கல்யாணமாகி இந்த இருபத்திரண்டு வருஷத்துல நீங்க இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லையே. காட்டுங்க."

"எதுக்கும்மா இப்ப..."

"காட்டுங்க."

விரல் நுனிகள் மெழுகு பூசியது போல வெளுத்திருந்தன. டாக்டர் எட்டிப் பார்த்தார். இது சூடு பட்ட காயம் இல்லை, குளிர் சுட்ட காயம் என்றார். அந்தக் குடுவைக்குள் வெறும் கையை விட்டால்தான் இப்படி ஆகும்.

தங்கமான மனுஷனின் சாயம் வெளுத்தது.

"ஒன்றரை வருஷம்..." அவர் குரல் உடைந்தது. "இந்த பிளாஸ்டிக் நாற்காலியில ஒன்றரை வருஷம்! நீ பிழைப்பியா மாட்டியான்னு தினம் செத்துச் செத்துப் பிழைச்சேன். எப்படியாவது முடிஞ்சா போதும்னு ஆயிடுச்சு. எனக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா?"

அந்த வார்த்தை இன்ஸ்பெக்டரம்மாவுக்கு வலித்தது. இத்தனை நாள் குத்திய ஊசிகளைவிட அதிகமாக வலித்தது.

"போறேன்னு சொல்லியிருந்தா அனுப்பி வச்சிருப்பேனே..."

"இனி பேசி என்ன? அதான் எல்லாம் போச்சே."

"எது போச்சு? வெயில்ல கிடக்கிறது வெறும் உப்புத் தண்ணி."

கணவர் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

"பை கெட்டுப்போனா என்ன ஆகும்னு டாக்டர்கிட்ட நீங்க துருவித் துருவிக் கேட்டப்பவே எனக்கு உறுத்துச்சு. தப்பா இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். பெரிய கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப, முன்வாசல்ல காலி வண்டியை விடுவோம். ஆளு பின்வாசல் வழியா போயிடுவான். முந்தாநாள் நீங்க வீட்டுக்குப் போனதும் நிஜப் பையை ஏத்தியாச்சு. இந்தக் காய்ச்சல் அதனாலதான்... உள்ளே அடிதடி ஆரம்பிச்சிடுச்சு. சிஸ்டர், அலறல் பிரமாதம்!"

சிஸ்டர் வெட்கத்தோடு சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அந்த அடிதடியில் ஜெயிப்பது யார் என்று அவருக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"புற்றுநோயும் என் சொந்த ரத்தம்தான். அதான் அது எதிரின்னு என் செல்லுங்களுக்குத் தெரியலை. லேப்ல மூணு வாரம் பாடம் எடுத்ததும் புரிஞ்சுக்கிச்சு. எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கு."

வெளியே காத்திருந்த ஏட்டு விலங்கோடு உள்ளே வந்தார். வெளுத்த விரல்களைப் பார்த்துத் தயங்கினார்.

"இடது கையில மாட்டுங்க, ஏட்டு. வலது கை பாவம்... வாழ்க்கையிலேயே முதல் தடவையா இஸ்திரி போட்டிருக்கு!"